கத்திரி வெயிலும் இடிமழையும்: மலையில் டென்ட் போட்டுத் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல், மே மாதங்களில் ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு பக்கம் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்த இரண்டு மாதமும் பகலில் வெயில் வாட்டும், அதே நாள் சாயங்காலம் இடிமழை கொட்டும். இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகப் போக வேண்டும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் மின்னல் பற்றிய பதில்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மலைக்குத்தானே போகிறோம், குளுகுளுவென்று இருக்காதா?

எந்த மலை என்பதைப் பொறுத்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அதனால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஜவ்வாது மலை அப்படியல்ல. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர்தான். வேலூரில் 41 டிகிரி அடிக்கும் நாளில் அங்கே 37, 38 இருக்கும். மதியம் ஒரு மணிக்கு முதுகில் மூட்டையோடு ஏறுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மலையின் குளிர்ச்சி கிடைக்கும், அதுவும் மழை பெய்தால்.

காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் எங்கிருந்து அவ்வளவு மழை?

காலை வெயில்தான் அந்த மழைக்குக் காரணம். தரை சூடேற ஏற அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மதியத்துக்கு மேல் உள்ளே நுழைந்து மலைச்சரிவில் மோதுகிறது. அந்தக் காற்றுக்கும் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேற்கே பூக்கோசு மாதிரி வெண்மேகம் குவிய ஆரம்பித்து, மளமளவென்று உயர்ந்து, உச்சி தட்டையாகப் பரவினால் அது இடிமேகம். அடிப்பகுதி கருத்துவிட்டால் நேரம் அதிகமில்லை.

இன்னொரு அறிகுறியும் உண்டு. புழுக்கத்தில் இலை அசையாமல் இருக்கும்போது திடீரென்று சில்லென்ற காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால், அது மேகத்திலிருந்து மழையோடு இறங்கிய காற்று தரையில் பரவி உங்களை எட்டியது. ‘அப்பாடா, காற்று வந்துவிட்டது’ என்று எல்லோரும் சட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்காரும் நேரம் அது. உட்காராதீர்கள். ஒதுங்க வேண்டிய நேரம் அதுதான்.

மழை வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

மாவட்ட அளவில் முடியும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. கிளம்பும் முன்பு சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் உங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். ‘இடி மின்னலுடன், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ என்று இருந்தால் அது டென்ட்டைக் கிழிக்கும் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன பிறகு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடப்படும் உடனடி எச்சரிக்கையைப் பாருங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, உங்களைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுகிறதா என்று காட்டும். அதைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அங்கே கண்ணும் காதும்தான் துணை. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் பக்கத்திலேயே விழலாம். இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொல்லி நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பயம் போக்குவார்கள். அதோடு விநாடி எண்ணவும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளே உங்களுக்கு முன்னால் எழுந்து நிற்பார்கள்.

மின்னல் அடிக்கும்போது டென்ட்டுக்குள் இருந்தால் பாதுகாப்புதானே?

இல்லை. டென்ட் மழையைத் தடுக்கும், மின்னலை ஒரு துளியும் தடுக்காது. ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் பத்திரமாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் வெளியே நிற்பதற்கும் அதற்கும் மின்னலைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது. ஓலைக் குடிசை, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, தூண் மட்டும் நிற்கும் கோவில் மண்டபம், பேருந்து நிழற்குடை எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும்.

பாதுகாப்பான இடம் இரண்டே இரண்டு. ஒன்று, நாலு சுவரும் கூரையும் உள்ள, மின்சார ஒயரிங் செய்த கட்டடம். உள்ளே சுவரில் சாயாமல், குழாயையும் சார்ஜரில் மாட்டிய போனையும் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு, இரும்புக் கூரையுள்ள கார், வேன், பஸ். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கும் உலோகப் பகுதியைத் தொடாமல் உட்காருங்கள். மின்னல் வண்டியின் உடம்பு வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். டயர் ரப்பர் என்பதால் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பாற்றுவது அந்த இரும்புக் கூடுதான். அதனால்தான் ஆட்டோ, பைக், டிராக்டர், துணிக்கூரை ஜீப் எதுவும் உதவாது.

ஆகவே டென்ட் போட இடம் பார்க்கும்போதே ஒதுங்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி இருட்டில், மழையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்தில் வண்டியோ கட்டடமோ இருக்க வேண்டும். அப்படி இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மே மாதத்துக்கு அது இடமே இல்லை. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் டென்ட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மறுபடியும் ஒரு இடி கேட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பக்கத்தில் வண்டியும் இல்லை, கட்டடமும் இல்லை. மாட்டிக்கொண்டால்?

முழுப் பாதுகாப்பு என்று எதுவும் அங்கே கிடையாது, ஆபத்தைக் குறைக்க மட்டும்தான் முடியும். மலை முகடு, மொட்டைப் பாறை, திறந்த மைதானம் ஆகியவற்றிலிருந்து உடனே கீழே இறங்குங்கள். தனியாக நிற்கும் மரத்தடிக்குப் போகவே கூடாது. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் தாவி ஆள் மேல் பாயும். தரையிலும் பரவும். மரத்தடியில் ஒதுங்கிய ஆடுமாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடந்ததாகச் செய்தி வருவது இதனால்தான். முன்கால் ஓரிடம், பின்கால் ஓரிடம் என்று ஊன்றியிருப்பதால் தரையில் ஓடும் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி உடம்புக்குள் புகுந்து மறுகால் வழியாக இறங்குகிறது.

மனிதருக்கும் அதே நியாயம்தான். படுக்காதீர்கள், கால்களை அகட்டி நிற்காதீர்கள். வேறு வழியே இல்லாத நிலையில் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்தி உட்காருங்கள். கூட்டமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காமல் ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது தள்ளி இருங்கள். ஒருவருக்கு அடிபட்டாலும் மற்றவர் உதவ முடியும். ஒரே அளவான மரங்கள் அடர்ந்த தோப்பு, தனிமரத்தைவிடவும் முகட்டைவிடவும் பரவாயில்லை, ஆனால் அடிமரத்தை ஒட்டி நிற்க வேண்டாம்.

செல்போன் மின்னலை இழுக்குமா? டென்ட்டின் கம்பி?

போன் இழுக்காது. மின்னல் எங்கே விழும் என்பதை உயரம், தனித்து நிற்பது, கூரான வடிவம் ஆகியவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தம்மாத்துண்டு போனுக்கு அதில் பங்கில்லை. டென்ட் கம்பியும் அப்படித்தான், ஆனால் மொட்டைவெளியில் உயரமாக நிற்பது உங்கள் டென்ட் மட்டும்தான் என்றால் அது வேறு விஷயம்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. தொடப் பயந்து சுற்றி நிற்பதால்தான் பிழைக்க வேண்டியவர் போய்விடுகிறார். மூச்சும் துடிப்பும் நின்றிருந்தாலும் பலரை மீட்க முடியும். உடனே ஒருவர் 108-க்குப் பேச, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். பயிற்சி உள்ளவர் இருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்கிறவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும்.

ஓடைக்கரையில் டென்ட் போடலாமா? வறண்டுதானே கிடக்கிறது?

கூடாது. மேலே பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாமலே கீழே வந்து சேரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். 2024 மே 17 அன்று குற்றாலம் பழைய அருவியில் ஒரு சிறுவன் வெள்ளத்தில் போனான். இரண்டுமே கோடை மழையில் நடந்தவை.

கரையோரப் புதர்களை உற்றுப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் காய்ந்த புல்லும் சருகும் பாலிதீன் பையும் கிளையில் சுற்றிக் கிடக்கும். போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் டென்ட் அதற்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும். ஓடையில் குளிக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பொருட்களை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

அப்படியானால் எந்த இடம்தான் சரி?

முகடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் வழிந்தோடும்படி லேசாகச் சரிந்த மேட்டு நிலம் நல்லது. மேலே அண்ணாந்து பாருங்கள். மே மாதத்தில் காய்த்துத் தொங்கும் மாங்கிளையும், பட்டுப்போன புளியங்கிளையும் காற்றில் முறிந்து விழும். நிழலுக்காக மதியம் மரத்தடியில் இருக்கலாம், ராத்திரிக்கு டென்ட் அங்கே வேண்டாம்.

காற்றில் டென்ட் பறக்காமல் இருக்க என்ன செய்வது?

மே மாதச் செம்மண் மதியம் மூன்று மணிக்குப் பாறை மாதிரி இருக்கும், முளை இறங்காமல் வளையும். அதே மண்ணில் அரை மணி நேரம் மழை பெய்தால் அந்த முளையை இரண்டு விரலால் உருவிவிடலாம். ‘அடித்து இறக்கியாகிவிட்டது’ என்று நம்பி இருப்பவர்களின் டென்ட்தான் ராத்திரி கழன்று படபடக்கும். டென்ட்டோடு வரும் கம்பி முளைகளை நம்பாமல், ஒரு அடி நீளத்துக்கு இரும்பு முளைகள் தனியாக வாங்குங்கள். டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி சாய்வாக அடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய கல்லை ஏற்றி வையுங்கள். பக்கக் கயிறுகளை ‘மழை வந்தால் கட்டிக்கொள்ளலாம்’ என்று பையிலேயே விட்டுவிடுவார்கள். மழை வந்த பிறகு யாராலும் கட்ட முடியாது.

அடியில் விரிக்கும் தார்ப்பாயில் இன்னொரு சிக்கல். டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் விழுந்து நேராக டென்ட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். விளிம்புகளை உள்ளே மடித்துவிடுங்கள். வெளியிலிருந்து ஒரு அங்குலம்கூடத் தெரியக் கூடாது.

டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டலாமா?

வேண்டாம். சரியான இடத்தில் போட்டால் அதற்குத் தேவையிருக்காது, தவறான இடத்தில் அது போதாது. மண் அரிப்புதான் மிச்சம்.

புழுக்கத்தில் டென்ட்டுக்குள் எப்படித் தூங்குவது?

மதியமே டென்ட்டைப் போட்டு மூடி வைத்தால் சாயங்காலம் அது அடுப்பாகிவிடும். முளைகளை அடித்துக் கயிற்றை இழுத்து எல்லாம் தயார் செய்துவிட்டு, மேல்விரிப்பை மட்டும் ஒரு பக்கம் கட்டி மறுபக்கத்தைச் சுருட்டி வையுங்கள். வலை வழியாகக் காற்று வரும், முதல் தூறல் விழுந்ததும் இழுத்து மாட்ட ஒரு நிமிடம் போதும். அதை இருட்டாகும் முன்பு ஒரு தடவை பழகிப் பாருங்கள். வாசல் காற்று வரும் பக்கம் இருந்தால் நல்லது. மூன்று பேர் டென்ட் என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் படுங்கள்.

மாற்றுத் துணி ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நனைந்த உடம்போடு மலைக்காற்றில் இருந்தால், பகலில் வியர்த்துக் கொட்டிய அதே ஆள் ராத்திரி ஒரு மணிக்கு நடுங்குவார்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

நடந்து ஏறுகிற நாளில் ஆளுக்கு ஐந்து லிட்டர், சமையலுக்குத் தனி. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு அரை லிட்டர் வீதம் குடித்துக்கொண்டே வாருங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் சரியில்லை, வியர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, ஓஆர்எஸ் பாக்கெட் நடுநடுவே வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீர் குடிக்கவே வேண்டாம், கொதிக்க வைக்காமல் கண்டிப்பாக வேண்டாம்.

களைப்புக்கும் வெப்ப பக்கவாதத்துக்கும் (ஹீட் ஸ்ட்ரோக்) எப்படி வித்தியாசம் தெரியும்?

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, அதிக வியர்வை, தலைசுற்றல் என்றால் வெப்பக் களைப்பு. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறுவார். அன்று அவர் மேற்கொண்டு ஏறக் கூடாது.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால் அது வெப்ப பக்கவாதம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேகமாக நடந்து ஏறியவருக்கு வியர்த்துக்கொண்டே இது வரும். உயிருக்கு ஆபத்து. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே குளிர்வியுங்கள். இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

வயதானவர்கள், சின்னக் குழந்தைகள், சிறுநீரை அதிகம் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் சீக்கிரம் விழுவார்கள். அவர்களோடு போவதென்றால் வண்டி போகிற இடத்தில் தங்குங்கள், ஏற்றம் காலை பத்து மணிக்குள் முடியட்டும்.

சாப்பாடு?

காலையில் கட்டிய சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் ராத்திரிக்குத் தாங்காது. புளியோதரை, எண்ணெய் தடவிய சப்பாத்தி, தக்காளித் தொக்கு, பொரி, வேர்க்கடலை, வாழைப்பழம் போதும். மிச்சச் சோற்றை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

மழை என்பதால் டென்ட் வாசலுக்குள்ளேயே அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. கேஸ் அடுப்போ கரியடுப்போ, மூடிய இடத்தில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

பாம்பு, பூச்சி?

முதல் மழைக்குப் பாம்பு, தேள், பூரான் எல்லாம் வெளியே வரும். நான் அதிகம் பயப்படச் சொல்வது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடி வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் ஒருவர் வயிற்று வலி என்று எழுந்து, கண்ணிமை தொங்கி, விழுங்கச் சிரமப்பட்டால் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வலை ஜிப் எந்நேரமும் மூடியிருக்கட்டும், ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள்.

காட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் தங்கலாமா?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தங்குவதும் தீ மூட்டுவதும் அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கி 40 வழித்தடங்களைத் திறந்தார்கள். அதில் பதிவு செய்து நடப்பது வேறு, நாமாகக் காட்டுக்குள் இரவு தங்குவது வேறு. யானை நடமாடும் பகுதியில் டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், டென்ட் விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார்.

ஊரை ஒட்டிய பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு தங்குங்கள். வாடகை பேசும்போதே ‘இடி இடித்தால் எங்கே வந்து உட்காரலாம், ராத்திரி அந்தக் கதவு திறந்திருக்குமா’ என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் திட்டத்தைக் கைவிட வேண்டும்?

மூன்று மணிக்கு முடிவெடுங்கள். வெளிச்சம் இருக்கும், எல்லோருக்கும் தெம்பு இருக்கும், கடைசி பஸ்ஸும் இருக்கும். அந்த நேரத்தில் உடனடி எச்சரிக்கை ஆரஞ்சு அல்லது சிவப்பாக இருந்தாலோ, மேற்கே மேகம் உயர்ந்துகொண்டிருந்தாலோ, குழுவில் ஒருவர் வெயிலில் துவண்டிருந்தாலோ அன்று டென்ட் வேண்டாம். ஊருக்குள் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காலை ஐந்தரைக்கு மலைக்குப் போங்கள். ‘காசு கட்டியாகிவிட்டதே’ என்று ஒருவர் சொல்வார். குழுவை அழைத்துப் போகிறவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

ஈர டென்ட்டை என்ன செய்வது?

வேறு வழியில்லாமல் ஈரமாக மடித்தாலும், வீட்டுக்கு வந்த அன்றே மொட்டை மாடியில் நிழலில் விரித்துக் காயப் போடுங்கள். ஓரிரு நாள் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து, உள்பூச்சு பிசுபிசுத்து உரியும், அடுத்த மழைக்கு ஒழுகும். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க விடுவதும் துணியை நைந்துபோகச் செய்யும். முளைகளைத் துடைத்து எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு மண்ணிலேயே தங்கியிருக்கும்.